கட்டில் எதனால் ஆனது

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். அப்பா, அம்மா, நான், தங்கச்சிக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் அம்மா, அந்த அம்மாவின் தம்பி. இல்லாதவர்கள் இரண்டு பேர். மாப்பிள்ளை திருப்பூரில் வேலையில் இருந்தார். தங்கச்சி ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க உத்தமபாளையத்துக்கு டெய்லர் கடைக்குப் போயிருந்தாள். யாருக்காகக் கூடி உட்கார்ந்து முகூர்த்தப் புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோமோ அந்த இரண்டு பேரும்தான் அங்கே இல்லை.

யார் எந்த இடத்தில் இருந்தார்கள் என்பதும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அந்த நாள்களில் நான் படித்துக்கொண்டிருந்ததே அதைத்தான். மாப்பிள்ளையின் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் அவருடைய தம்பி. அப்பா புது பீரோவுக்கு முன்னால் நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்களுக்கெல்லாம் நடுவில் தங்கச்சியின் சீர்க்கட்டில், பாலித்தீன் தாளைப் பிரிக்காமல். கட்டிலுக்குப் பின்னால், சுவரோரமாக நான்.

நான் டச்சு படிக்கிறேன் என்று சொன்னால், அது எந்த ஊர்ப் பேச்சு என்றுதான் எங்கள் பக்கம் கேட்பார்கள். நெதர்லாந்து என்றால் விளங்காது. தக்காளியையும் ரோஜாவையும் கண்ணாடிக் கூரைக்குள் வளர்க்கிற ஊர் என்று சொல்வேன். தோட்டக்கலையில் டிப்ளமோ முடித்திருந்தேன். அங்கே அப்படியொரு கண்ணாடித் தோட்டத்தில் ஆள் எடுப்பதாகவும், ஆரம்பநிலை டச்சு தேறினால் போதும் என்றும் கூடப் படித்தவன் சொல்லித் தெரிந்தது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தில் நிலைத்ததில்லை. அப்பா தன் பெயரை மட்டும் எழுதுவார். அம்மா அதுவும் இல்லை. அதனால் நான் எதைப் படிக்கிறேன் என்றாலும் வீட்டில் அது நல்ல படிப்பாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில், குமுளி தாண்டி மலைமேல் ஒரு ஊரில். கம்பத்தில் பஸ் மாறிப் போவேன். என்னைத் தவிர எல்லாரும் மலையாள நர்ஸுகள். டீச்சரும் அந்த நாட்டில் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியவர்தான். மலையாளத்தில் விளக்கி, டச்சில் சொல்லவைப்பார். எனக்கு மலையாளம் பாதி புரியும், டச்சு கால்வாசி புரியும், மீதியை முகம் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

முதல் மாதத்திலேயே வந்தது வீட்டுச் சாமான் பாடம். எந்தப் பொருள், எதனால் ஆனது, எங்கே இருக்கிறது. மரத்துக்கு ஹௌட். இரும்பு, எவர்சில்வர், பித்தளை எல்லாவற்றுக்கும் பொதுவாக மேட்டால். கண்ணாடிக்கு ஹ்லாஸ், காறித் துப்புகிற மாதிரி ஆரம்பிக்க வேண்டும். பிளாஸ்டிக் அங்கேயும் பிளாஸ்டிக்தான். மேலே என்றால் ஒப். கீழே ஒண்டர். பக்கத்தில் நாஸ்ட். பின்னால் அஹ்டர். இதெல்லாம் மனப்பாடத்தில் அடங்கிவிடும். எனக்குப் பிடித்தது வேறு. நமக்கு எல்லாப் பொருளும் 'இருக்கு'. மேஜை இருக்கு, புத்தகம் இருக்கு, சட்டை இருக்கு. அவர்களுக்கு மேஜை நிற்கும், புத்தகம் படுத்திருக்கும், சட்டை தொங்கும். சும்மா இருக்கிற பொருள் என்று அநேகமாக எதுவும் கிடையாது. பஸ்ஸில் இறங்கி வரும்போது வழியெல்லாம் எது நிற்கிறது, எது படுத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவேன்.

வீட்டில் போய்ச் செய்ய டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் இருக்கிற சாமான்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, எதனால் ஆனது என்று சொல்லிப் பழக வேண்டும். "கள்ளம் பறயண்டா மோனே" என்றார் என்னைப் பார்த்து. பொய் சொல்லாதே, இல்லாத சோபாவை இருப்பதாகச் சொல்லாதே, இருப்பதைச் சொல் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் அந்தப் பாடம் சீக்கிரம் தீர்ந்துபோனது. நாற்காலி பிளாஸ்டிக். குடம் பிளாஸ்டிக். டிரங்குப் பெட்டி மேட்டால், அதன்மேல் டிவி நிற்கிறது. மரம் என்று சொல்ல சாமி படத்தின் சட்டமும் அருவாமனைப் பலகையும் மட்டும்தான். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள், "ஏய்யா, ஜப்தி பண்ண வந்தவுக மாதிரி ஒவ்வொண்ணையாத் தொட்டுப் பாக்குறயே, என்ன சங்கதி?"

பிறகு தேனியிலிருந்து மினிலாரியில் சீர்ச் சாமான்கள் வந்து இறங்கின. பீரோ, கண்ணாடி வைத்த மேஜை, கட்டில். வீட்டின் முன்னறையே அடைபட்டுவிட்டது. எல்லாரும் பக்கவாட்டில் திரும்பித்தான் நடந்தோம். தங்கச்சிக்கு அது கல்யாணச் சாமான். எனக்கு அது பாடச் சாமான். முதல்முறையாக எங்கள் வீட்டில் ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் 'நடுவில்' என்று சொல்லும்படி ஏதோ இருந்தது.

அப்பாவும் அம்மாவும் திராட்சைத் தோட்டத்துக்குப் போனபின் நான் சொல்லிப் பழகுவேன். தங்கச்சி சோற்றுத் தட்டோடு தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஹெட் பெட் ஸ்டாட் நாஸ்ட் த கஸ்ட்" என்றேன் ஒருநாள்.

"அப்பிடின்னா?"

"கட்டில் பீரோவுக்குப் பக்கத்துல நிக்கிது."

"அதுக்கா மலையேறிப் போயிட்டு வாரண்ணே? என்னயக் கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேன்ல."

கட்டில்மேல் உட்கார்ந்து 'ஒப்' சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்கு அவள் விடவில்லை. சீர்க்கட்டிலில் முதலில் பெண்ணும் மாப்பிள்ளையும்தான் உட்கார வேண்டும், அதுவும் மாப்பிள்ளை வீட்டில் போய் இறங்கிய பிறகு. அதுவரை யாரும் துணிகூட வைக்கக்கூடாது. "ஆத்தா பாத்துச்சுன்னா வெளக்கமாத்த எடுக்கும்" என்றாள். சரி, மேலே வேண்டாம் என்று கீழே நுழைந்தேன். 'ஒண்டர்' என்று சொல்லிக்கொண்டே மல்லாந்து படுத்தபோதுதான் கட்டிலின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. மேலே தெரிகிற தேக்கு நிறம் விளிம்பிலேயே நின்றுபோயிருந்தது. அதற்கு உள்ளே மரத்தின் ரேகையே இல்லை. ரவை ரவையாக, தூளை அழுத்திச் செய்த பலகை. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது.

அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை. இதற்கு டச்சில் என்ன பெயர் என்று மட்டும்தான் தோன்றியது. படுத்தபடியே போனில் தேடினேன். ஸ்பான்பிளாட். வகுப்பில் யாருக்கும் தெரியாத சொல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைச் சொன்னபோது டீச்சரே புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தச் சொல்லை மிட்டாய் மாதிரி வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

எனக்குத் தெரியாமல் இருந்தது இது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசி முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். நான் மலைமேல் வகுப்பில் இருந்தேன். அன்று எல்லார் முன்னாலும் அப்பா, "ஒத்தப் பொம்பளப் பிள்ள. கட்டிலு தேக்குலதேன் போடுவேன்" என்று சொல்லியிருக்கிறார். அதற்கென்று எடுத்தும் வைத்திருக்கிறார். எடுத்து வைத்ததுதான் என் வகுப்புக்குப் போனது. தெரியாது என்று சொல்லிக்கொள்வது எனக்கு எளிது. ஆனால் அப்பா வேட்டி மடியிலிருந்து அந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்தபோது, இது எதற்கு வைத்திருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாங்கி எண்ணக்கூட இல்லை, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று ஓடினேன்.

அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா வந்ததும் கட்டிலைச் சுற்றி ஒருதரம் நடந்தார். தாளுக்கு மேலாகவே தலைமாட்டில் கையை வைத்து எடுத்தார். "நல்லாயிருக்கு" என்றார். அப்பாவின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை. புடவைப் பேச்சு முடிந்தது. காபி வந்தது. அவர் தம்பி, பேச வேறொன்றும் இல்லாததால், என் பக்கம் திரும்பினார்.

"தம்பி என்னமோ வெளிநாட்டுப் பாஷை படிக்கிறாகளாமே. ரெண்டு எடுத்து விடுங்க, கேப்போம்."

நான் கூச்சப்பட்டேன். அப்பாதான் விடவில்லை. "சொல்லுய்யா. அவன் கடகடன்னு பேசுவான் சம்மந்தி. எனக்கு ஒண்ணும் வெளங்காது, ஆனா கேக்க நல்லாருக்கும்."

பீரோவைக் காட்டி, "த கஸ்ட் இஸ் ஃபான் மேட்டால்" என்றேன். "பீரோ இரும்புல செஞ்சதுன்னு அர்த்தம்."

"அடேயப்பா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

கண்ணாடியைக் காட்டி ஹ்லாஸ் என்று தொண்டையிலிருந்து இழுத்தேன். அவர் தம்பி காபியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். "என்ன தம்பி, மீன் முள்ளு மாட்டிக்கிருச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாகூட நிலையைப் பிடித்தபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் வீட்டில் நான் பேசுவதை அத்தனை பேர் கூடிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நாற்காலியைச் சொன்னேன், பிளாஸ்டிக். எது எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று சொன்னேன். எனக்குச் சூடு ஏறிவிட்டது.

"கட்டில விட்டுட்டீகளே" என்றார் அவர் தம்பி.

ஹௌட் என்று சொல்லியிருந்தால் போதும். மரம். அது பொய்கூட ஆகாது. தூள் என்றாலும் மரத்தின் தூள்தானே. ஆனால் ஹௌட் முதல் நாள் பாடம், அது யாருக்கும் தெரியும். என்னிடம் அதைவிடப் பெரிய சொல் இருந்தது.

"ஹெட் பெட் இஸ் ஃபான் ஸ்பான்பிளாட்."

"அப்பிடின்னா?"

"மரத்தூள அழுத்திச் செஞ்ச பலகைங்க. மேல தேக்கு மாதிரித் தாள் ஒட்டியிருக்கு."

இரண்டாவது வரியை யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்துச் சொன்னேன்.

அம்மா முகத்திலிருந்து முந்தானையை எடுத்துவிட்டாள். அப்பா பீரோவுக்கு முன்னாலேயே நின்றார், ஆனால் கண் மட்டும் தரையில் இருந்தது. நான் அடுத்த பொருளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் ஆனது எனக்கு உறைக்க.

அவர் தம்பி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பரவால்ல சம்மந்தி. தேக்குலயே இப்பத் தூள் தேக்குன்னு ஒண்ணு வந்திருக்கு போலருக்கு. நமக்குத்தேன் தெரியல, வெள்ளக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு."

மாப்பிள்ளையின் அம்மா அவரைக் கையமர்த்தினார். மிச்சமிருந்த காபியைக் கடைசிவரை குடித்து, டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லாப் படிங்க தம்பி" என்று என்னிடம் சொன்னார். அப்பாவிடம், "வாரம்ண்ணே" என்றார். அப்பா பஸ் நிறுத்தம்வரை கூடப் போனார். திரும்பி வந்தார். கட்டிலின் தலைமாட்டில் விலகியிருந்த பாலித்தீன் தாளை இழுத்துச் சரியாக மூடிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மாதான் எல்லாவற்றையும் சொன்னாள், தேக்கு என்று வாக்குக் கொடுத்தது, அந்தப் பணம் எங்கே போனது. வையவில்லை. அடுப்படிக்குள் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

தங்கச்சி சாயங்காலம் வந்தாள். அம்மா சொல்லக் கேட்டுவிட்டு, நான் இருந்த இடத்துக்கு வந்தாள்.

"அண்ணே, மரத்துக்கு அதுல வார்த்தை இல்லயா?"

"இருக்கு."

"என்ன?"

"ஹௌட்."

"சின்ன வார்த்தையாத்தான இருக்கு" என்றாள். "அதச் சொல்லிருக்கலாம்ல."

அவள் டெய்லர் கடைச் சீட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டொரு நாளில் மாப்பிள்ளையின் தாய்மாமன் போன் செய்தார். கல்யாணத்தில் மாற்றமில்லை, பேசின தேதி பேசினபடி. கட்டில் மட்டும் வேண்டாம், அதை அக்கா தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள் என்றார். சண்டை போட்டிருந்தால்கூட அப்பா தாங்கியிருப்பார். எங்கள் பக்கம் சீர் வண்டியில் முதலில் ஏற்றுவது கட்டில்தான். மண்டபத்து வாசலில் வண்டி நிற்கும்போது சனம் முதலில் பார்ப்பதும் அதைத்தான். கட்டில் இல்லாத வண்டி போய் நின்றால், ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது. அப்பன் போடாத கட்டிலில் தங்கச்சி ஆயுசுக்கும் படுத்து எழ வேண்டும். ஒரு சொல் வரும்போதெல்லாம் அந்த வீட்டில் அதை எடுப்பார்கள்.

நான் யாரிடமும் சொல்லாமல் பண்ணைப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். மாப்பிள்ளை வீடு அங்கேதான். அந்த அம்மா வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே கூட்டிப் போய் உட்காரவைத்தார். நான் உட்கார்ந்தது ஒரு கட்டிலில். கையை ஊன்றியபோது விரல் தானாக விளிம்புக்கு அடியில் போனது. பழக்கம்.

"அதுவும் தூளுப்பலகதேன் தம்பி" என்றார் அவர். "ரெண்டு வருசமா அதுலதேன் படுக்கேன். ஒண்ணும் ஆகல."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அத்த, எங்கப்பா ஏமாத்தணும்னு செய்யல. அந்தக் காச நாந்தேன் படிப்புக்கு வாங்கிட்டேன். கட்டில வேண்டாம்னு சொல்லிறாதீக."

"ஏமாத்துனாகன்னு நா சொல்லலயே. அங்கன தொட்டப்பவே எனக்குத் தெரியும். தெரியாத மாதிரியே இருந்துட்டுப் போயிரலாம்னு இருந்தேன். நீங்கதேன் இருக்க விடல." உரித்த கடலையை முறத்திலிருந்து ஒரு கை அள்ளி என்னிடம் நீட்டினார். "எந் தம்பி முன்னாடி சொல்லிட்டீக. அவன் இந்நேரம் ஊருபூராச் சொல்லிருப்பான். இனிமே அத நா எறக்குனா, தெரிஞ்சே வாங்கிக்கிட்டான்னு எனக்குப் பேரு. ஒங்க அப்பாவுக்கும் நல்ல பேரா அது? சொல்லுங்க."

கடலையை வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. சட்டைப் பையிலேயே கிடந்தது.

நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். பரீட்சைக்குக் கட்ட வைத்திருந்த பணத்தை நீட்டினேன். "அது ஒனக்குன்னு குடுத்தது" என்று கையைத் தட்டிவிட்டார். மறுநாள் காலையில் தோட்டத்துக்குத் திராட்சை வியாபாரி வந்தார். எங்களுடையது குத்தகைத் தோட்டம், பன்னீர் திராட்சை. காய் இன்னும் கறுக்கவில்லை. பச்சையில் பேசினால் பாதி விலைதான் கிடைக்கும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். கறுக்கும்வரை வியாபாரியைப் பந்தலுக்குள்ளேயே விடாதவர் அப்பா. அன்று அவரே பந்தலுக்குள் கூட்டிப் போனார். நான் வரப்பில் நின்றேன். கொடிக்குக் கீழே அப்பா, அப்பாவுக்கு முன்னால் வியாபாரி, இரண்டு பேருக்கும் நடுவில் கல்லு மாதிரிப் பச்சைக் கொத்துகள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் என் மனம் அதை டச்சில் அடுக்கிக்கொண்டே போனது. நிறுத்த முடியவில்லை.

ராயப்பன்பட்டி ஆசாரி ஒருவரிடம் தேக்குக் கட்டில் செய்யக் கொடுத்தோம். கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் பாலீஷ் காய்ந்தது. வண்டியில் அதைத்தான் முதலில் ஏற்றினோம், தலைமாட்டை நானும் கால்மாட்டை அப்பாவும் பிடித்து. மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார், அடியிலும் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், "இதுக்கு என்ன தம்பி வார்த்தை?"

"மரம்" என்றேன். தமிழில்தான் சொன்னேன்.

தங்கச்சி மாலையோடு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். கேட்டிருப்பாள். திரும்பவில்லை. இப்போது போனில் பேசும்போது எல்லாம் பேசுகிறாள், மாமியார் நன்றாக வைத்துக்கொள்வதாகச் சொல்கிறாள். டச்சைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. முன்பு கேட்பாள்.

தேனிக் கடைக்காரர் பழைய கட்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அது எங்கள் முன்னறையிலேயே நிற்கிறது. அதில் நான்தான் படுக்கிறேன். பரீட்சையும் எழுதினேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு அறையின் படத்தைக் காட்டி, கட்டில் எதனால் ஆனது என்று கேட்டார்கள். ஹௌட் என்று சொன்னேன். தேறிவிட்டேன். விசாவுக்காகக் காத்திருக்கிறேன்.

தேறிய செய்தி வந்த அன்று சாயங்காலம் அப்பா கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். "கட்டிலுக்கு எம்புட்டு ஆச்சுன்னு இன்னும் ஒரு கணக்குக்கு வரல. வீட்டுல படிச்சவன் நீதேன், கூட்டிச் சொல்லு" என்றார். மரம், ஆசாரி கூலி, பாலீஷ், வண்டி வாடகை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். திராட்சையைப் பச்சையில் கொடுத்ததில் விட்டதை அவர் சொல்லவில்லை. "அதையும் சேக்கணும்ப்பா" என்றேன். "அத விடு" என்றார். விடாமல் அதையும் சேர்த்துத்தான் கூட்டினேன். தொண்ணூற்று ஏழாயிரத்து எழுநூறு ரூபாய்.